மூலனூருக்குப் போன மூன்றாவது டிஸ்க்

பல டிஸ்குகளை ஒன்றாக்குகிற வால்யூம் குரூப்பை உருவாக்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வரிக் கட்டளை போதும். மறந்துபோனால் திரையிலேயே உதவிக் குறிப்பு இருக்கிறது. ஒன்றாகச் சேர்த்ததைப் பிரிப்பது எப்படி என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆகவே கேட்காததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவர்களுக்கு இருக்கிற சலுகைகளில் இதுவும் ஒன்று.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினியர். பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம். திருப்பூர் முழுக்க என் பொறுப்பில் இருந்தது. எக்ஸ்போர்ட் செய்கிற பனியன் கம்பெனிகள் அப்போதுதான் யூனிக்ஸ் மெஷின்களை வாங்கத் தொடங்கியிருந்தன. தோளில் கருவிப் பையுடன் ஒரு பெண் வந்து இறங்கினால் அவளை என்னவென்று அழைப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சார் என்று சொல்ல முடியாது. மேடம் என்றால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்துவிட்டதாக நினைத்து வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்றால் எங்கேயோ பாடம் நடத்துகிறவளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரே ஒரு முடிவுக்கு வந்து என்னை டீச்சர் ஆக்கிவிட்டது. நான் வாழ்நாளில் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. இன்றைக்கு உங்களிடம் பேசுவதுதான் முதல் வகுப்பு.

வீரபாண்டிப் பக்கம் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினார்கள். ஊழியர்கள் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்பார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். பெரியவர் மனைவியும் சின்னவர் மனைவியும் உடன்பிறந்த அக்கா தங்கை. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே அலுவலக அறை. அறையில் இரண்டு மேசைகளும் ஒட்டியே போடப்பட்டிருக்கும். ஒருவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர் மேசை ஆடும்.

அவர்களுக்கு முதல் மெஷினைப் பொருத்தியது நான்தான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறை என்றால் கோயில் மாதிரி. ஊரிலேயே குளிரான இடம் அதுதான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாரும் உள்ளே வர மாட்டார்கள். மெஷினுக்கு வெளியே தனித்தனிப் பெட்டிகளாக இரண்டு டிஸ்குகள். இரண்டையும் சேர்த்து ஒரே குரூப்பாக்கினால் மெஷின் அதை ஒரே பெரிய இடமாகப் பார்க்கும். குரூப்புக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பேரு என்னங்க வெக்கறீங்க டீச்சர்?"

"வழக்கமா ஒரு நம்பர் போட்டு விட்டுருவோம் அண்ணாச்சி."

"நம்பரா? கைதிக்கு வெக்கற மாதிரி. நம்ம குலதெய்வம் செல்லாண்டியம்மன் இருக்கறப்ப நம்பர் எதுக்குங்க?"

அப்படியாகச் செல்லாண்டி என்ற பெயரில் ஒரு வால்யூம் குரூப் உருவானது. அதன் பிறகு அந்த அறையில் கட்டளை தட்டுகிற பெண்கூட அந்தப் பெயர் வரும்போது கொஞ்சம் மெதுவாகத் தட்டுவாள்.

ஆர்டர்கள் பெருகின. டிஸ்க் நிரம்பியது. மூன்றாவது டிஸ்க் வேண்டும் என்றேன். இருக்கிறதே போதும், பழையதை அழியுங்கள் என்றார் பெரியவர். அவர் ஊரில் இல்லாத ஒரு நாளில் சின்னவர் தன் பெயரில் பில் போட்டு மூன்றாவதை வாங்கிவிட்டார். நான் போய் அதைக் குரூப்பில் சேர்த்துக் கொடுத்தேன். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று இருவரும் கேட்டார்கள்.

"அது மெஷினுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. இடம் இருக்குற பக்கம் எழுதிக்கிடும். ஒரே ஆர்டர்ல பாதி இதுல இருக்கும், பாதி அதுல இருக்கும்."

இருவரும் தலையாட்டினார்கள். நான் காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பிறகு அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. என்ன காரணம் என்று கேட்காதீர்கள். பெரியவர் ஒன்று சொன்னார், சின்னவர் ஒன்று சொன்னார். நஜீர் பாய் மூன்றாவதாக ஒன்று சொன்னார். நஜீர் பாய் அவர்களிடம் கட்டிங் வேஸ்ட் துணி எடுக்கிற வியாபாரி. இருவருக்கும் பால்ய சிநேகிதர். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வருஷம் ஃபெயிலானவர்கள். அண்ணனும் தம்பியும் எப்படி ஒரே வகுப்பு என்று கேட்டபோது, "பெரியவர் எங்களுக்காகக் காத்திருந்தாருங்க" என்றார் பாய்.

உறவுக்காரர்கள் கூடிப் பேசி எல்லாவற்றையும் பிரித்தார்கள். நிட்டிங் மெஷின், தையல் மெஷின், ஜெனரேட்டர், கார் எல்லாவற்றுக்கும் பங்கு போட்டாயிற்று. நாய் மட்டும் யாருடனும் போகாமல் கேட்டிலேயே படுத்துக்கொண்டது. கையில் ஓடிக்கொண்டிருந்த ஐரோப்பிய ஆர்டரை மட்டும் சேர்ந்தே முடித்து அனுப்பிவிட்டு அப்புறம் தனித்தனியாகப் போவது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஏதோ வார்த்தை தடித்து, சின்னவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். மனைவியை அழைத்துக்கொண்டு மூலனூரில் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியில் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்து, தன் பெயரில் பில் இருந்த பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெரியவர் எனக்கு போன் செய்தார். "டீச்சர், மெஷின் பேச மாட்டேங்குதுங்க."

நான் போனபோது அலுவலகத்தில் நிற்க இடமில்லை. பேக்கிங் ஆட்கள், சூப்பர்வைசர், கார்ட்டனில் முத்திரை குத்துகிறவர் எல்லாரும் கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எந்தக் கார்ட்டனில் எந்த நிறம், எந்த சைஸ், எத்தனை உருப்படி என்ற விவரம் முழுவதும் மெஷினில் இருந்தது. கூரை வரை அடுக்கிய கார்ட்டன்களின் மேல் எழுதுவதற்கு அது வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய அத்தனை பெட்டியையும் கிழித்து எண்ண வேண்டும். அதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும். அந்தக் கப்பலைப் பிடிக்காவிட்டால் ஆர்டர் ரத்து. ஆர்டர் ரத்தானால் பிரிப்பதற்கு இரண்டு கம்பெனி இருக்காது, ஒன்றுகூட இருக்காது. டேப்பில் நகல் இருந்தது. ஆனால் கடைசியாக எடுத்தது பொங்கலுக்கு முன். இந்த ஆர்டர் வந்ததே பொங்கலுக்குப் பின். பிரிகிற வீட்டில் விளக்கைத் துடைத்து வைக்க யாருக்குத் தோன்றும்?

"பெட்டி ஒண்ணு குறையுதே அண்ணாச்சி" என்றேன்.

"அது அவனுதுங்க. எடுத்துட்டுப் போயிட்டான். நம்முளுது ரெண்டும் பத்திரமா இருக்குது பாருங்க. இதுல இருக்கறத மட்டும் காட்டுங்க, போதும்."

"அப்படிக் காட்ட முடியாதே. ஒரு டீ-சர்ட்டோட முன்பக்கமும் பின்பக்கமும் இங்க இருக்குன்னு வைங்க. கை அவருகிட்ட இருக்கு."

பெரியவர் சற்று யோசித்தார். "கை இல்லாத பனியனும் விக்கறோமுங்களே" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என் பையில் இருந்த மூடி ஒன்றை, வயர் முடிகிற இரண்டாவது பெட்டியில் மாட்டிவிட்டு மெஷினை ஓட்டிப் பார்த்தேன். செல்லாண்டியில் மூன்றில் இரண்டு இருக்கிறது, ஒன்றைக் காணோம் என்று தெளிவாகச் சொன்னது. ஆர்டர் ஃபைலைத் திறக்க மறுத்தது. பெரியவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பெங்களூர்ல நம்ம மாப்பிள்ளை ஒருத்தர் கம்ப்யூட்டர்ல இருக்கறாருங்க. ராத்திரி போன்ல கேட்டேன். கட்டளைக்கு முடிவுல ஃபோர்ஸ்னு ஒண்ணு சேத்தி அடிச்சா, காணாமப்போன டிஸ்க்க மறந்துபோட்டு மெஷின் பாட்டுக்கு ஓடுமாமுங்க."

மாப்பிள்ளை சொன்னது உண்மை. அதுதான் சிக்கல். பொய்யாக இருந்தால் அடித்துப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று நிம்மதியாகச் சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டளையை அடித்தால் மெஷின் புகார் சொல்வதை நிறுத்திவிடும். திரை சுத்தமாக இருக்கும். எல்லாரும் கை தட்டுவார்கள். மூன்றாவது டிஸ்க்கை நம்பியிருந்த அத்தனையையும் மெஷின் அந்தக் கணமே மறந்துவிடும். அப்புறம் சின்னவரே அந்தப் பெட்டியை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாலும், இது யாருடையது என்று கேட்கும்.

இதை இப்போது சொல்வது எளிது. அன்றைக்கு வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். சென்னையிலிருந்து பையரின் ஏஜெண்ட் போன் மேல் போன். "அடிங்க டீச்சர், நான் சொல்றேன், எம்பொறுப்பு" என்று பெரியவர் மூன்று முறை சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்திருக்கிற இன்ஜினியரை யாருக்கும் பிடிக்காது. எதையாவது தட்டினால்தான் வேலை செய்வதாக நினைப்பார்கள். என் விரல்களே எனக்கு எதிராக நடந்துகொள்ளும் போலிருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பிறகு கோயம்புத்தூருக்கு போன் போட்டு என் மேலாளரிடம் நிலைமையைச் சொன்னேன்.

"டிஸ்க் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். கோவிச்சுட்டுப் போயிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப போய்க் கூட்டிட்டு வா. கெட்டுப்போன டிஸ்க்குக்குத்தான் கமாண்ட் இருக்கு" என்றார். சாப்பிட்டாயா என்றும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நஜீர் பாய் தன் வேனில் என்னை ஏற்றிக்கொண்டார். மூலனூரில் அன்று சந்தை. முருங்கைக்காய்க் கட்டுகள் சாலை வரை கிடந்தன. வேன் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தது. வழி முழுக்க பாய் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "நீங்க எதுவும் பேசாதீங்க டீச்சர். நான் பேசிக்கறேன். அவன் எஞ்சொல்லைத் தட்ட மாட்டான்."

சின்னவர் வாசலிலேயே நின்றார். பாய் வாயைத் திறப்பதற்கு முன்பே, "டிஸ்க்கைத் தவுத்து வேற எது வேணும்னாலும் கேளு நஜீரு" என்றார். பாய் மோர் கேட்டார். அத்துடன் அவருடைய சமரசப் பேச்சு முடிந்தது.

"கொடுக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "பாக்கவாவது விடுங்க. நல்லா இருக்கான்னு பாத்துட்டுப் போயிருதேன்."

அதற்கு அவர் சம்மதித்தார். உடன்பிறந்தவன் மேல்தான் கோபம், டிஸ்க் மேல் இல்லை. "பத்திரமா வெச்சிருக்கறேனுங்க. ஈரம் ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க" என்று உள்ளே கூட்டிப் போனார். சமையலறை மூலையில் இடுப்பளவு அரிசி டிரம். மூடியைத் திறந்து கையை முழங்கை வரை விட்டு, அரிசிக்குள்ளிருந்து பெட்டியைத் தூக்கினார். அரிசிக்குள் வைத்தால் எந்த ஈரமும் அண்டாது என்று அவர் மாமியார் சொன்னாராம்.

நான் வாங்கி மெதுவாகச் சாய்த்தேன். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது.

உங்களுக்கு அந்தச் சத்தத்தின் பொருள் தெரிந்திருக்காது. உங்கள் காலத்து டிஸ்கில் ஆடுவதற்கு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் உள்ளே எதுவாவது ஆடினால் கதை முடிந்தது என்று அர்த்தம். கப்பலும் கார்ட்டனும் வாசலில் நின்ற ஆட்களும் கண்முன் வந்துபோனார்கள். சின்னவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக அண்ணனைப் பற்றி நினைத்தார் என்று நினைக்கிறேன். "போச்சுங்களா?" என்று கேட்டார்.

சின்னவர் மனைவி என் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். அவர் மிகவும் சாவதானமான பெண்மணி. காதருகே வைத்து ஒரு முறை ஆட்டிக் கேட்டார்.

"அரிசிங்க" என்றார்.

பெட்டியின் பின்புறம் காற்றுப் போவதற்கு இருக்கிற ஓட்டைகள் வழியாக அரிசி உள்ளே போயிருந்தது. வெளிக் கூட்டைக் கழற்றினேன். உள்ளேயிருந்த டிஸ்க் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அதைச் சுற்றி ஒரு பிடி அரிசி. விசிறிக்குள் மாட்டியிருந்ததைச் சின்னவர் மனைவி சேலை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். எடுத்ததைத் திரும்ப டிரம்மிலேயே போட்டார்.

இத்தனைக்குப் பிறகும் சின்னவர் பெட்டியைக் கொடுக்கவில்லை. "அந்த கேட்டுக்குள்ள இது போகாதுங்க. வேணும்னா மெஷினை இங்க கொண்டாரச் சொல்லுங்க." அங்கிருந்தே பெரியவருக்கு போன் போட்டேன். "மெஷின் இந்த வாசப்படியைத் தாண்டாதுங்க. வேணும்னா அவனைக் கொண்டாரச் சொல்லுங்க." ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லி, அவர் சொன்னதை இவரிடம் சொல்லி, கடைசியில் போனையே வைத்துவிட்டேன்.

வேனில் ஏறப்போகும்போது சின்னவர் மனைவி பின்னாலேயே வந்தார். "நீங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அல்லாடாதீங்க டீச்சர். சாமானெல்லாம் எங்க வந்து சேரோணும்னு மட்டும் சொல்லுங்க. நான் அக்காகிட்டப் பேசிக்கறேன்."

"நீங்க அவங்ககூடப் பேசுதீங்களா?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அவீங்க அண்ணந்தம்பி பேசறதில்லீங்க. அக்கா தங்கச்சி நாங்க எதுக்குப் பேசாம இருக்கோணும்?"

பாயின் துணி குடோனைச் சொன்னேன். இருவருக்கும் பொதுவான இடம் அது ஒன்றுதான். பாய் தலையாட்டினார். பாவம், ஒரு நாள் விஷயம் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கம்பெனி வேனில் மெஷின் வந்து இறங்கியது. முன் சீட்டில் பெரியவர் மனைவி. மெஷினை டீச்சர் சர்வீஸுக்குக் கேட்கிறார் என்று கணவரிடம் சொன்னாராம். ஒரு வகையில் அது உண்மைதான். சற்று நேரத்தில் தங்கை டாக்சியில் வந்தார். மடியில் ஒரு துண்டில் சுற்றிய பெட்டி. கணவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எதுவும் சொல்லலீங்க. தேடிட்டு வருவாரு" என்றார். இருவரும் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, யாருக்கோ நடந்த சீர் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஒரு குடும்பமே உடைந்து கிடக்கிற மாதிரி எதுவும் தெரியவில்லை.

நான் வயர்களைப் பொருத்தி முடிப்பதற்குள் கணவர்கள் வந்துவிட்டார்கள். பெரியவர் ஒரு வாசல் வழியாக, சின்னவர் இன்னொரு வாசல் வழியாக. ஒருவரை ஒருவர் பார்த்ததும் நின்றார்கள். மெஷினும் மூன்று பெட்டிகளும் ஏற்கனவே ஒரு வரிசையில் இருந்தன. அதைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டுமானால் மனைவிமார்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இருவரும் ஆளுக்கொரு மூட்டையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

சின்னவர் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "என்னுதை எதுக்குங்க கடைசியில வெச்சிருக்கறீங்க?"

"கடைசியில இருக்குற பெட்டியிலதான் இந்த மூடியை மாட்டணும் அண்ணாச்சி. இது இல்லேன்னா மத்த ரெண்டும் ஓடாது."

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பெரியவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. நான் மெஷினை ஓட்டினேன்.

செல்லாண்டியை எழுப்புகிற கட்டளையைத் தட்டினேன். மூன்றும் வந்தன. ஆனால் டிஸ்க்கைத் திடீரென்று பிடுங்கியதால் உள்ளே என்னென்ன கலைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைத் தொடங்கினேன். உங்களுக்கு இப்போது நூற்றுக்கு இத்தனை என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கோடு காட்டுவார்கள். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. திரையில் ஒரு கட்டம் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நல்லபடியாகப் போகிறது என்று பொருள். பெரியவரும் சின்னவரும் ஏறக்குறைய அதே கொள்கையில்தான் இருந்தார்கள். நஜீர் பாய்க்குத்தான் அந்த அமைதி தாங்கவில்லை. "மெஷின் தூங்கிருச்சுங்களா டீச்சர்?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டார். வேலை நடக்கிறது என்று சொன்னால், "இப்புடி ஒரு வேலை எனக்குக் கெடைக்கலீங்களே" என்று பெருமூச்சு விட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோதனை முடிந்தது. ஆர்டர் ஃபைல் திறந்தது. நான் முதலில் செய்தது டேப் எடுத்ததுதான். அது ஓடி முடியும் வரை யாரையும் கீபோர்டுப் பக்கம் விடவில்லை. அதற்குப் பிறகுதான் கார்ட்டன் விவரத்தைத் திரையில் கொண்டுவந்தேன். பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். நேவி ப்ளூவில் பெரிய சைஸ் அவர் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது.

"தப்பா இருக்குதுங்க. அரிசியில வெச்சதுல அழிஞ்சிருக்குது."

மூட்டை மேலிருந்து சின்னவர் திரும்பாமலே சொன்னார். "டீச்சர், அவருகிட்டச் சொல்லுங்க. அது அழியலீங்க. பையர் குறைச்சுட்டாங்க."

"எப்பக் குறைச்சாங்கன்னு கேளுங்க டீச்சர்."

"ஃபேக்ஸ் வந்துச்சுன்னு சொல்லுங்க. அவரு கல்யாணத்துக்குப் போயிருந்தாருன்னு சொல்லுங்க."

"வந்ததைச் சொல்லோணுமா வேண்டாமான்னு கேளுங்க."

"சாப்பிடறப்பச் சொல்ல வந்தேன்னு சொல்லுங்க. அதுக்குள்ள அவரு வேற ஆரம்பிச்சுட்டாருன்னு சொல்லுங்க."

நான் இருவருக்கும் நடுவில் நின்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்ல அவசியமே இல்லாமல் இருவருக்கும் காது நன்றாகக் கேட்டது. பெரியவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"அப்ப ஏற்கனவே ஒட்டுன கார்ட்டனெல்லாம்?"

"மாத்திப்போட்டேன்ணா. மாத்துனதுல மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது."

"அதான் பாத்தேன். எவனோ வெளையாடிருக்கறான்னு கிழிச்சு எறியச் சொல்லிப்போட்டனே."

"எத்தனை கிழிச்சீங்க?"

"மேல் வரிசை மட்டும்தான்."

சின்னவர் எழுந்து திரைக்கு வந்துவிட்டார். இருவரும் நின்றபடியே எந்த வரிசையில் எந்தக் கார்ட்டன் என்று கணக்குப் போட்டார்கள். நான் மெதுவாக நழுவி, அக்கா தங்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து டீ குடித்தேன். பெரியவர் மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னொரு டீ சாப்பிடுங்க டீச்சர். இப்ப முடிக்க மாட்டாங்க" என்றார்.

ஆர்டர் பிற்பாடு நேரத்துக்குக் கப்பல் ஏறியது. ஆனால் அதுவரை காத்திருக்காமல், குடோனில் மெஷின் ஓடிய அன்று சாயங்காலமே நான் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. டேப்பில் ஏறிவிட்ட பழைய ஆர்டர்களை அழித்து இடம் உண்டாக்கி, சின்னவரின் டிஸ்கில் இருப்பதை மற்ற இரண்டுக்கும் நகர்த்தி வைத்துவிட்டு, அதைக் குரூப்பிலிருந்து முறைப்படி விலக்கி அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். கட்டளையைத் தட்டி வைத்துவிட்டேன். என்டர் அழுத்தினால் போதும். அழுத்துவதற்கு முன்னால், அப்படிப்பட்ட எல்லாக் கட்டளைக்கும் முன்னால் நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். திரும்பிப் பார்த்துக் கேட்டேன்.

"பிரிச்சிரலாமா அண்ணாச்சி?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. சின்னவரும் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் கூடிப் பிரித்தபோது எல்லாவற்றையும் மற்றவர்களே பேசியிருக்கிறார்கள். இவர்கள் இருவரும் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார்கள். சரி, பிரித்துவிடு என்று வாயால் சொல்ல வேண்டிய நிலை அதுவரை அவர்களுக்கு வரவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. நீங்களும் அப்படிப்பட்ட இடத்தில் அவசரப்படுத்தாதீர்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பதும் வேலைதான்.

கடைசியில் பெரியவர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கே எதுக்குங்க. ஷிப்மெண்ட் போகட்டும்."

"ஆமாங்க" என்றார் சின்னவர். "போகட்டும்."

தட்டியதை அழித்துவிட்டேன்.

ஷிப்மெண்ட் போனது. அடுத்த ஆர்டர் வந்தது. அது அண்ணனுக்கு வந்தது. அதற்கடுத்தது தம்பிக்கு. இருவரும் சொன்னபடி தனித்தனிக் கம்பெனி வைத்தார்கள். தனித்தனி கேட், தனித்தனி போர்டு, தனித்தனி வீடு. மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று நான் கதை விட மாட்டேன், சேரவில்லை. மெஷின் மட்டும் பாயின் குடோனிலேயே இருந்தது. செல்லாண்டிக்குள் இரண்டு பேருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். இந்தக் கம்பெனிப் பெண் காலையில் வந்து தட்டுவாள், அந்தக் கம்பெனிப் பையன் மத்தியானம் வந்து தட்டுவான். சாயங்காலங்களில் பெரியவரும் சின்னவரும் ரிப்போர்ட் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். தனித்தனிக் காரில்தான் வருவார்கள். ஆனால் எப்படியோ ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நூல் விலையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். பாய் டீ வாங்கிக் கொடுப்பார்.

பராமரிப்புக்கு நான் போகும்போதெல்லாம் பாய் என்னை வாசலிலேயே நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பார். ஏசி பொருத்த வேண்டும் என்று குடோனில் பாதியை மரப்பலகை வைத்து அடைத்தாயிற்று. துணி மூட்டைகள் தெருவுக்கு வந்துவிட்டன. சொந்தக் குடோனுக்குள் போவதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டியிருந்தது.

"அவீங்க பிரிஞ்சது போகட்டும் டீச்சர்" என்பார். "எங்குடோனை எப்பப் பிரிச்சுத் தருவீங்க?"